போதும் என்று சொல்லும் வரை

பிப்ரவரி 3, திங்கள்

எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. எங்கள் வீட்டில் கையெழுத்துக்கு மேல் யாரும் எழுதியதில்லை. அம்மா அதையும் போடாமல் கட்டை விரலைத்தான் நீட்டுவாள். நான் ஒருத்தி பட்டம் வாங்கிவிட்டேன் என்பதற்காக டைரி எழுதும் அளவுக்கு வந்துவிட்டாளா என்று மதினி கேட்டால் பதில் கிடையாது. ஆனால் பேச எனக்கு வாய் வராது. பல் மருத்துவக் கல்லூரியில் வேலையில் சேர்ந்ததற்கு ஒரு டைரி கொடுத்தார்கள். வெறுமனே கிடப்பதற்குப் பதில் எழுதலாம்.

வேலை இதுதான். கல்லூரியில் இலவசமாகப் பல்செட்டு கட்டிக்கொண்டவர்களின் வீடுகளுக்கு நான் போக வேண்டும். திருப்தியாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பிறகு மெல்ல முடிகிறதா என்று சோதிக்க வேண்டும். டாக்டர் கிரேஸ் நடத்தும் ஆய்வு. அம்மாவுக்குப் பல்செட்டு கட்டியதும் அவர்தான். மார்கழியில் அம்மா போன பிறகு, அடுத்த தேதிக்கு வர மாட்டாள் என்று சொல்லப் போனேன். சொல்லிவிட்டு நகராமல் நின்றேன். வேலை இருக்கிறது, வருகிறாயா பொன்மாரி என்று கேட்டார்.

சோதனைக்குச் சூயிங்கம். பாதி ரோஸ், பாதி நீலம். வாயில் போட்டு, நான் போதும் என்று சொல்லும் வரை மெல்ல வேண்டும். நன்றாக மென்றால் இரண்டும் கலந்து ஒரே ஊதாவாக வரும். மெல்ல முடியாதவர்களுக்குக் கோடு கோடாக நிற்கும். அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து அமுக்கிப் பெயர் எழுதிக்கொண்டு வர வேண்டும்.

பையில் தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ், அம்மாவின் வெற்றிலை டப்பா. டப்பாவில் வெற்றிலை இல்லை.

பிப்ரவரி 5, புதன்

ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருவர் பல்செட்டைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். முழுத் திருப்தி என்றார். சாப்பிடும்போது மாட்டுவீர்களா என்று கேட்டதற்கு, “சாப்பாட்டுக்கு எதுக்கும்மா? போட்டோ எடுத்தாச் சொல்லு, மாட்டிக்கிறேன்” என்றார். அவர் மென்றது பள்ளிக்கூட யூனிபார்ம் போலக் கோடு கோடாக வந்தது.

பூ விற்கும் அம்மா ஒருவர் ஒரு மணி நேரம் குறைதான் சொன்னார். ஈறு எரிகிறது, பேசினால் விசில் அடிக்கிறது, மருமகள் சிரிக்கிறாள். அவர் மென்றது நல்ல ஊதா.

டாக்டரிடம் சொன்னேன். திருப்தி வேறு, மெல்லுவது வேறு என்றார். இரண்டும் எங்கே சேர்கிறது என்று பார்க்கத்தான் இந்த ஆய்வாம்.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்று சாத்தூர் பக்கம். சேவுக்கடைகளுக்குப் பின்னால் ஒரு முடுக்கு, அதன் கடைசியில் வீடு. பட்டியலில் இருந்த பெயர் சீனித்தாய், வயது அறுபத்தொன்று.

அவர் கணவர் குருவையா கதவைத் திறந்தார். சேவுக்கடையில் மாஸ்டராக இருந்தவர். முன்கை முழுக்க எண்ணெய் தெறித்த தழும்புகள். கல்லூரியிலிருந்து வருகிறேன் என்றதும் அவர் முகம் கொஞ்சம் மாறியது. பல்செட்டைத் திரும்ப வாங்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். இல்லை, கேள்வி கேட்க மட்டும்தான் என்றேன். அப்புறம்தான் நாற்காலி போட்டார்.

அவருக்கு ஓரத்தில் கறுத்த ஒரே ஒரு பல். நீங்களும் கட்டிக்கொள்ளலாமே என்றேன். “எனக்கெதுக்கு தாயி? நான் போட்டதக் கடிச்சு உப்பு சரியானு சொல்ற ஆளு அவதான்” என்றார். சேவு கடிக்க முடியாமல் நாலைந்து வருஷம் டீயில் ஊற வைத்துத் தின்றாளாம். ஊறின சேவுக்கு உப்பே தெரியாதாம்.

சீனித்தாயம்மா வெளியே வரவில்லை. கூச்சம் என்றார். எனக்குக் கூச்சம் புரியும். நான் வற்புறுத்தவில்லை. ஒவ்வொரு கேள்வியையும் அவர் உள்ளறை வாசலில் தொங்கிய திரைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பதிலைக் கொண்டுவந்தார். திருப்தியா? “ரொம்பத் திருப்தியாம்.” கடினமான பண்டம்? “சேவு கடிக்கிறா.” பேசும்போது கழன்றுவிடுகிறதா? இதற்கு அவர் உள்ளே போகவில்லை. திரையின் மடிப்பை இழுத்துவிட்டார்.

“பேச்சக் கொறச்சுட்டா” என்றார்.

சூயிங்கத்தை ஒரு தட்டில் வைத்து உள்ளே எடுத்துப் போனார். திரைக்கு இந்தப் பக்கம் இருந்து, சத்தமாகப் பேசியே பழகாத நான், “மெல்லுங்கம்மா, போதும்னு சொல்ற வரைக்கும்” என்றேன். மெல்லும் சத்தம் கேட்டது. ஈரமான, அவசரமில்லாத சத்தம். உச்சி வெயிலில் முடுக்கே அடங்கிக் கிடந்ததால் நன்றாகக் கேட்டது. போதும் என்றேன். நின்றது.

அவ்வளவு சீரான ஊதாவை நான் இதுவரை பார்க்கவில்லை.

பிப்ரவரி 8, சனி

டிபன் பாக்ஸைக் கழுவ எடுத்த மதினி, “கொண்டுபோன சோறு கொண்டுபோனபடி வருது. நாய் ஒண்ணு வளக்கலாம் போல” என்றாள். வெயிலில் பசிக்கவில்லை என்றேன்.

பிப்ரவரி 10, திங்கள்

டாக்டர் உறையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொந்தப் பல் உள்ளவர்கள்கூட இப்படி மெல்லுவது அபூர்வம் என்றார். அடுத்த மாதமும் மறக்காமல் போய் வரச் சொன்னார். பள்ளி வயதில் தைத்த சுடிதார்களை எல்லாம் நான் மறுபடி போட முடிகிறது என்பதை அவரும் கவனித்திருப்பார் போல. இளைத்துவிட்டாய் என்றார்.

பிப்ரவரி 21, வெள்ளி

எட்டு வீடு. எல்லாம் கோடு.

மார்ச் 4, செவ்வாய்

சாத்தூருக்கு இரண்டாம் முறை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அதே நாற்காலி, அதே திரை. கேள்விகளுக்கு அதே பதில்கள். சூயிங்கத்தை உள்ளே வைத்துவிட்டு வந்தார். நான் மெல்லுங்கள் என்றேன். சத்தம் தொடங்கியது. எனக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டு, முன்னறைப் பானையிலிருந்து மொண்டு, என் எதிரே நின்று செம்பை நீட்டினார். அவர் வாய் மூடியிருந்தது. உள்ளே மெல்லும் சத்தம் தொடர்ந்துகொண்டிருந்தது.

இதில் ஒன்றுமில்லை. மெல்லுவது அந்த அம்மா. அவர் ஏன் கூடவே நிற்க வேண்டும்?

தண்ணீர் குடித்ததில் போதும் என்று சொல்ல மறந்துவிட்டேன். செம்பைத் திருப்பிக் கொடுத்தேன். சத்தம் நிற்கவில்லை. பையை மூடினேன், நிற்கவில்லை. குருவையா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, “நீ சொன்னாத்தான் தாயி நிறுத்துவா” என்றார். சொன்னேன். பாதி மெல்லுதலில் நின்றது.

வெளியே வந்து முடுக்குக் குழாயில் கால் கழுவினேன். குடம் வைத்திருந்த பெண், யாரைப் பார்க்க வந்தேன் என்று விசாரித்தாள். சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“சீனித்தாய் அத்தையா? அவுக போய்ச் சேந்து நாலு மாசமாச்சேம்மா. ஐப்பசில காச்சல்ல போனாக. அந்த மனுசன் ஒத்தையிலதான் கெடக்காரு.”

வீட்டில் ஆடு ஏதாவது கட்டியிருக்கிறதா என்று கேட்டேன். அசைபோடும் சத்தம் அப்படித்தான் இருக்கும். அந்த வீட்டில் ஆடு கிடையாதாம். கட்ட இடமும் கிடையாதாம்.

மார்ச் 5, புதன்

காய்ச்சல் என்று சொல்லிப் போகவில்லை. காய்ச்சல் இல்லை.

வெற்றிலை டப்பாவைத் திறந்து பார்த்தேன். இருக்கிறது. மேல் வரிசை, கீழ் வரிசை.

அம்மாவின் பற்களைப் புகையிலைதான் தின்றது. தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும்போது தூக்கம் வராமல் இருக்க அடக்கிக்கொள்வாள். டாக்டர் கிரேஸ் பல்செட்டு கட்டிக் கொடுத்தபோது, கண்ணாடியில் பார்த்துவிட்டு, இது யாரோ சம்பந்தி வீட்டம்மா என்று சிரித்தாள். சோளப்பொரி வாங்கி வரச் சொன்னாள். எனக்கு ஊட்டிவிட்டு அப்புறம் தின்றாள். எதையும் அப்படித்தான். நான் சாப்பிட்டுத் தட்டைத் தூக்கிய பிறகுதான் தன் தட்டை எடுப்பாள். என் டிகிரி ரிசல்ட் வந்த அன்றுகூட.

ஆஸ்பத்திரியில் மூச்சுக்குழாய் வைக்கும்போது பல்செட்டைக் கழற்றி ஒரு நர்ஸ் என் கையில் கொடுத்தாள். அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பெரியவர்கள் தாடையைச் சுற்றித் துணி கட்டிவிட்டார்கள். நான் பல்செட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனேன். மாமாவிடம் நீட்டினேன். கட்டினதை அவிழ்க்கக் கூடாது, இனி திறந்தாலும் திறக்காது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு எல்லோரும் வரிசையாக வந்து வாய்க்கரிசி போட்டார்கள். பச்சரிசி. கட்டின வாய் மேல் விழுந்து கழுத்துப் பக்கம் சரிந்தது. நானும் போட்டேன்.

அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 7, வெள்ளி

பஸ்ஸில் மடியில் பை. டக் டக் என்று ஒரு சத்தம். டப்பாவுக்குள் இரண்டு வரிசையும் மோதுகிறது, பஸ் குலுங்குகிறது என்று நினைத்தேன். ரயில்வே கேட் மூடி, என்ஜினை அணைத்து, டிரைவர் டீ குடிக்க இறங்கிப்போய் வெகு நேரம் ஆகியிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

நாளை ஒரு துணி சுற்றி வைக்க வேண்டும்.

மார்ச் 10, திங்கள்

டாக்டர் சீனித்தாயம்மாவை நேரில் பார்க்க வேண்டும் என்கிறார். தாடை அளவு எடுக்க வேண்டுமாம், மெல்லுவதை வீடியோ எடுத்து மாணவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். வெள்ளிக்கிழமை கல்லூரி வண்டியில் போகலாம், நீயும் வா என்றார். இறந்துவிட்டார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் யாரோ கூப்பிட, டாக்டர் போய்விட்டார்.

உண்மை தெரிந்தால் பல்செட்டைக் கல்லூரிக்கு எடுத்துப் போய்விடுவார்கள். ஆய்வுப் பொருள் என்பார்கள். அப்புறம் அந்த வீட்டில் என்ன இருக்கும்?

மார்ச் 12, புதன்

குருவையாவை எச்சரிக்கப் போனேன். டாக்டர் வரப்போவதைச் சொன்னேன். அந்த அம்மா இறந்தது எனக்குத் தெரியும் என்றும் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டு, உள்ளே வா என்றார். அந்தத் திரையைத் தாண்டி முதல்முறையாக நடந்தேன்.

சின்ன அறை. ஜன்னல் சாத்தியிருந்தது. தரையில் எதிரெதிரே இரண்டு தட்டுகள். ஒரு தட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் நிறைந்த வெண்கலக் கும்பா, அதற்குள் பல்செட்டு. கும்பாவைச் சுற்றித் தரை மட்டும் சில்லென்று இருந்தது. வெளியே அந்த வெயில்.

பல்செட்டு கட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லையாம், காய்ச்சல் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த பையை மகன் வண்டிப் பெட்டிக்குள் வைத்து மறந்துவிட்டான். பால் தெளிக்கப் போகும் வழியில் பெட்டியைத் திறந்தால், மெட்டி, தாலி, பல்செட்டு. வாய்க்கரிசி அதற்கு முந்தைய நாளே போட்டாகிவிட்டது.

“பொக்க வாயில பச்சரிசிய அள்ளிப் போட்டோம் தாயி. எப்படி மெல்லுவா? பல்லு இல்லாதவளுக்கு அரிசி போட்டு அனுப்புற குடும்பம் உண்டா?”

பதினாறாம் நாள் படையலில் சேவு வைத்து, பல்செட்டையும் பக்கத்தில் வைத்தாராம். எடுக்கும்போது சேவு தூளாகிக் கிடந்தது. எலியோ எறும்போ என்று நினைத்து மறுநாள் கூடை போட்டு மூடினார். கூடைக்குள்ளும் தூள். ஒன்றிரண்டு நாள் உப்பு கூடிவிட்டால் தூளாகாமல் அப்படியே கிடக்குமாம். அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. “இப்பவும் கொறதான் சொல்லுதா.”

நான் சூயிங்கம் எடுத்துக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று தெரியவில்லை. பல்செட்டைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்து, இரண்டு வரிசைக்கும் நடுவில் சூயிங்கத்தை வைத்து, கூடையைக் கவிழ்த்தார். எதிர்த் தட்டில் உட்கார்ந்து தனக்குக் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார்.

“ஒத்தையில சாப்பிட மாட்டா. நான் எதுக்க உக்காந்து தின்னாத்தான். நீ வந்தன்னைக்கு உன் சொல்லுக்காக மென்னா” என்றார்.

முதல் கவளத்தை அவர் வாயில் வைத்ததும் கூடைக்குள் தொடங்கியது. பிரம்புக் கூடை மிக லேசாக அதிர்ந்தது. நான் குனிந்து பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். இடுக்குகள் பெரியவைதான். சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். கூடையைத் தூக்கியபோது சூயிங்கம் ஊதாவாகக் கிடந்தது. தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

மார்ச் 13, வியாழன்

காலையில் டாக்டரிடம் சொன்னேன். சீனித்தாய் இறந்துவிட்டார், ஐப்பசியிலேயே.

அவர் கையில் அந்த இரண்டு உறைகளும் இருந்தன. “அப்ப இத மென்னது யாரு?”

அவர் வீட்டுக்காரர் என்றேன். அவருக்கு ஒரே பல்தான் என்பது டாக்டருக்குத் தெரியாது. பல்செட்டு எங்கே என்றார். தகனத்தில் போய்விட்டது என்றேன். இரண்டும் பொய். பொய் சொல்வது இவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியாது. உறைகளைக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “காலைல என்ன சாப்பிட்ட?” என்றார். இட்லி என்றேன். அது மூன்றாவது.

மத்தியானம் வீட்டுக்கு வந்துவிட்டேன். மதினி வேலைக்குப் போயிருந்தாள். அம்மாவின் பல்செட்டைத் தட்டில் வைத்தேன். நடுவில் சூயிங்கம். சல்லடையைக் கவிழ்த்து மூடினேன். எதிரே உட்கார்ந்தேன். எனக்குச் சோறு போட்டுக்கொள்ளவில்லை, பசி இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மெல்லும்மா என்றேன். வெயில் சுவரில் ஏறி இறங்கும் வரை உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றுமில்லை. ரோஸ் ரோஸாக, நீலம் நீலமாக. ஒரு பல் தடம்கூட இல்லை. ஆனால் சல்லடைக்குப் பக்கத்தில் நான் கொண்டுவந்து திறக்காமல் வைத்திருந்த டிபன் பாக்ஸ், தரையில் தேய்த்துக்கொண்டு என் முழங்கால் வரை வந்திருந்தது. நான்தான் கால் நீட்டும்போது இழுத்திருப்பேன்.

மார்ச் 14, வெள்ளி

குருவையா ஐயாவின் வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீடு பூட்டியிருக்கிறது. சேவு வாங்கப் போயிருக்கிறார், இப்போது வந்துவிடுவார் என்று குழாயடிப் பெண் சொன்னாள். இந்த முறை யாரைப் பார்க்க வந்தேன் என்று கேட்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே சத்தமில்லை. அவர் இல்லாமல் அந்த அம்மா சாப்பிட மாட்டார்.

மதினி இன்று புளிச்சோறு கட்டியிருக்கிறாள். அம்மாவின் பக்குவம் இல்லை, பரவாயில்லை. டிபன் பாக்ஸ் வலது பக்கம். வெற்றிலை டப்பா மடியில். அது காலையிலிருந்து சும்மா இல்லை. துணி சுற்றியும் கேட்கிறது. இங்கே பஸ்ஸும் இல்லை, குலுக்கலும் இல்லை.

முடுக்கின் முனையில் அவர் வருவது தெரிகிறது. கையில் எண்ணெய் ஊறின பொட்டலம். என்னைப் பார்த்துவிட்டார், நடையை எட்டிப் போடுகிறார். டாக்டர் வரவில்லையா, நீ மட்டும் எதற்கு வந்தாய் என்று கேட்பார். எனக்கு வாய் வராது. அவர் எழுத்துக் கூட்டிப் படிப்பார், என் கேள்வித்தாளை அப்படிப் படித்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தப் பக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதி அப்படியே நீட்டப் போகிறேன்.

ஐயா, உங்கள் கூடைக்குள் இன்னொரு தட்டுக்கு இடம் இருக்கிறது, நேற்று முன்தினம் பார்த்தேன். எங்கம்மாவையும் சீனித்தாயம்மா பக்கத்தில் வையுங்கள். நான் எதிரே உட்கார்ந்து என் சோற்றைச் சாப்பிட்டுக்கொள்கிறேன். எவ்வளவு நேரம் ஆனாலும், எங்கள் இரண்டு பேரிடமும் போதும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.